பெயரில்லாப் பெட்டிக்கு மறுவாழ்வு

பரணில் தூங்கும் பழைய ஆம்ப்ளிஃபயரைத் தொடக்க நிலையில் இருப்பவரும் பாட வைக்கலாம். அவசரம்தான் முதல் எதிரி.

மைசூரின் ஹெப்பாள் தொழிற்பேட்டைக்கு எலக்ட்ரானிக்ஸ் புதிதல்ல. பேட்டையின் ஒரு பகுதிக்கே ஹெப்பாள் எலக்ட்ரானிக்ஸ் சிட்டி என்றுதான் பெயர். இன்ஃபோஸிஸின் பிரம்மாண்டமான பயிற்சி வளாகம் இருப்பதும் அங்கேதான். ஆனால் இந்த ஊர்ப் பரண்களிலும், நாட்டின் எந்த ஊர்ப் பரணிலும், வேறு வகை எலக்ட்ரானிக்ஸ் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. மரப்பெட்டி, முன்னால் அலுமினியத் தகடு, நான்கைந்து குமிழ்கள், தூக்கினால் கை கடுக்கும் கனம். கம்பெனி பெயர் எங்கும் இல்லை.

வீட்டைக் காலி செய்யும்போது அது கீழே இறங்குகிறது. அப்பாவோ தாத்தாவோ பாட்டுக் கேட்ட பெட்டி. எடைக்குப் போட்டால் டிரான்ஸ்ஃபார்மர் செம்புக்கு ஏதோ காசு கிடைக்கும். போட மனம் வராது. "ஒருமுறை பிளக்கில் செருகிப் பார்த்தால் என்ன?" என்று யாராவது கேட்பார்கள். பல பழைய ஆம்ப்ளிஃபயர்களின் ஆயுள் முடிவது அந்த ஒரு நிமிடத்தில்தான்.

வானொலி ஆர்வத்தில் மைசூருக்குப் பழைய பெருமை உண்டு. மகாராஜா கல்லூரியின் மனோதத்துவப் பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி 1935-ல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு வைத்த பெயர் 'ஆகாசவாணி'. பின்னாளில் அது நாட்டின் வானொலிக்கே பெயரானது. தொடக்கத்தில் அந்த டிரான்ஸ்மிட்டரின் திறன் வெறும் 30 வாட். பரணிலிருந்து இறங்கும் பெட்டியின் திறனும் பெரும்பாலும் அந்த அளவுதான்.

பெயர் ஏன் இல்லை?

இறக்குமதிக்குக் கெடுபிடி இருந்த காலம் அது. வெளிநாட்டு ஸ்டீரியோ செட் எல்லோருக்கும் எட்டாத கனி. சென்னை ரிச்சி தெருவிலும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டிலும் உதிரி பாகங்கள் வாங்கி, உள்ளூர் ரேடியோ மெக்கானிக்குகளே ஆம்ப்ளிஃபயர் கட்டிக் கொடுத்தார்கள். சர்க்யூட் ஒரு பத்திரிகையிலிருந்து, கேபினெட் ஒரு தச்சரிடமிருந்து, டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துத் தெருவில் சுற்றியது. இப்படிப் பிறந்த பெட்டிக்குக் கம்பெனி பெயரைத் தேடுவது வீண்.

ஆனால் அதன் வயதையும் குலத்தையும் உள்ளே இருக்கும் பாகங்களே சொல்லிவிடும். இஎல்84 போன்ற எண்களுடன் கண்ணாடி வால்வுகள் இருந்தால் அது பழைய தலைமுறை. பெங்களூரின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1960-களில் வால்வுகளையும் டிரான்ஸிஸ்டர்களையும் தயாரித்தது. 'பெல்' முத்திரையை இன்றும் பார்க்கலாம். பின்பக்க ஹீட் சிங்க்கில் தட்டையான உலோகத் தொப்பி போல 2என்3055, உள்ளே எஸ்எல்100, எஸ்கே100 இருந்தால் அநேகமாக எழுபதுகள் அல்லது எண்பதுகள். 'எஸ்டிகே' என்று தொடங்கும் கறுப்புக் கட்டி இருந்தால் பெரும்பாலும் எண்பதுகள் அல்லது அதற்குப் பிந்தையது. கேரளத்தின் கெல்ட்ரான் கண்டென்சர் இருந்தால் 1973-க்கு முன் கட்டியதாக இருக்காது. கெல்ட்ரான் பிறந்ததே அந்த ஆண்டுதான். இல்லாவிட்டால் பின்னால் யாரோ ரிப்பேர் செய்து மாற்றியிருக்க வேண்டும்.

அணைத்தாலும் அடிக்கும்

மூடியைத் திறக்கும் முன் தெரிந்திருக்க வேண்டியது ஒன்று. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் ஆபத்து போய்விடாது. பெரிய ஃபில்ட்டர் கண்டென்சர்கள் மின்சாரத்தைச் சேமித்து வைத்திருக்கும். வால்வு ஆம்ப்ளிஃபயரில் அது 250, 300 வோல்ட், அதற்கு மேலும் இருக்கலாம். உயிரைப் பறிக்கப் போதுமான அளவு. ஸ்க்ரூடிரைவரால் 'பட்'டென்று ஷார்ட் செய்வது சில கடைகளின் பழக்கம், பின்பற்ற வேண்டாம். இன்சுலேஷன் உள்ள கிளிப்பில் பிடித்த, ஐந்து, பத்து வாட் தாங்கும் ரெஸிஸ்டர் வழியாக மெதுவாக வடித்துவிட்டு, மல்ட்டிமீட்டரில் பார்த்து வோல்ட்டேஜ் இறங்கியது உறுதியான பிறகே கை வைக்க வேண்டும். வால்வு செட்டைத் தொடக்க நிலையில் இருப்பவர் தனியாகத் திறக்காமல், தெரிந்தவர் பக்கத்தில் இருக்கத் திறப்பதே நல்லது.

அடுத்தது ஃப்யூஸ். அந்த இடத்தில் யாராவது செம்புக் கம்பியைச் சுற்றி வைத்திருக்கலாம். இரண்டு பின் வயர் வெடித்திருக்கலாம். உலோகப் பெட்டியானால் எர்த்துடன் மூன்று பின் வயர் போட்டு, சரியான அளவு ஃப்யூஸ் மாட்டுவதுதான் முதல் ரிப்பேர்.

பிறகு வருகிறது மெக்கானிக்குகளின் மலிவான காவலன்: சீரிஸ் பல்பு. பேஸ் வயரின் நடுவே 60 வாட் குண்டு பல்பு ஒன்றை இணைத்து, அதன் வழியாகக் கரண்ட் கொடுப்பார்கள். இழை உள்ள பழைய பல்பாக இருக்க வேண்டும்; எல்இடி உதவாது. பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்ல சகுனம். பிரகாசமாகவே எரிந்தால் உள்ளே ஷார்ட். உடனே அணைக்க வேண்டும். எரிய வேண்டியது பல்புதான், டிரான்ஸ்ஃபார்மர் அல்ல. வால்வு செட்டில் இழைகள் சூடேற வேண்டியிருப்பதால் பல்பு ஓரளவு எரிந்துகொண்டே இருக்கும்.

ஸ்பீக்கர் விஷயத்தில் இரண்டு வகைக்கும் நேர் எதிர் விதி. டிரான்ஸிஸ்டர் செட்டை முதலில் ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டி, அவுட்புட்டில் டி.சி. வோல்ட்டேஜ் அளக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. வோல்ட் கணக்கில் இருந்தால் ஸ்பீக்கரின் காயில் கருகிவிடும். வால்வு செட்டையோ ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். எப்படியானாலும் சோதனைக்குப் பழைய, மலிவான ஸ்பீக்கரே போதும்.

நோயும் மருந்தும்

பெரும்பாலான நோய்கள் எளியவை. குமிழைத் திருப்பினால் கரகர சத்தம் வந்தால் வால்யூம் கன்ட்ரோலில் அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் தெளித்துப் பலமுறை திருப்பினால் போகும். தொடர்ந்து 'உம்' என்ற ரீங்காரம் வந்தால், உள்ளே இருக்கும் திரவம் காய்ந்த ஃபில்ட்டர் கண்டென்சர்மீது சந்தேகப்படலாம். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதல் வோல்ட் உள்ள புதியதைப் போட வேண்டும். பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். ஒரு சேனல் மட்டும் ஊமையானால் பற்றவைப்பு விரிசல் விட்டிருக்கலாம். அல்லது நன்றாக இருக்கும் சேனலின் வோல்ட்டேஜ்களை ஒப்பிட்டுப் பழுதைக் கண்டுபிடிக்கலாம். சர்க்யூட் படம் இல்லாத பெட்டிக்கு மறு சேனல்தான் படம்.

கழற்றும் முன் ஒவ்வொரு கோணத்திலும் செல்போனில் படம் எடுப்பதும், ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றிச் சோதிப்பதும் அனுபவசாலிகள் சொல்லும் இரண்டு பாடங்கள். பத்துக் கண்டென்சரை ஒன்றாக மாற்றியபின் செட் ஊமையானால், பழைய கோளாறா புதிய தவறா என்று யாருக்கும் தெரியாது.

கண்டென்சர்களுக்குச் செலவு சில நூறு ரூபாயில் அடங்கிவிடலாம். மெயின் டிரான்ஸ்ஃபார்மர் கருகியிருந்தால் கணக்கு மாறும். மீண்டும் சுற்ற ஆள் தேட வேண்டும், செலவும் ஏறும். அந்த இடத்தில் நிறுத்துவது தோல்வி அல்ல. அப்போதும் குப்பையில் வீச வேண்டியதில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் போய்ச் சேர வேண்டிய பொருள் அது.

இந்த வேலையால் என்ன லாபம்? காசுக் கணக்கில் அதிகமில்லை. அதே திறனுள்ள புது ஆம்ப்ளிஃபயர் போர்டு உள்ளங்கை அளவில் கடையில் கிடைக்கிறது. ஆனால் அதில் ஒரு பாகம் கெட்டால் போர்டையே தூக்கிப் போடுவதுதான் வழக்கம். பழைய பெட்டியில் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும். அதைக் கட்டிய மெக்கானிக் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. உங்கள் ஊரில் அவர்களில் ஒருவர் இன்னும் கடை திறந்து வைத்திருந்தால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவரிடம் போங்கள். கொடுத்துவிட்டு வராதீர்கள், பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்காருங்கள்.