ஈளை நோயும் உணவு ஒவ்வாமையும்

வீட்டில் ஒரு குழந்தைக்கு ஈளை என்னும் ஆஸ்துமா இருப்பின், அதன் உணவிலிருந்து முதலில் விலக்கப்படுவன பாலும் தயிரும் வாழைப்பழமுமே ஆகும். அவை குளிர்ச்சி என்றும் சளியைக் கூட்டும் என்றும் பெரியோர் கூறுவர். பின்னர் முட்டை விலக்கப்படும்; அதன்பின் மீனும் விலக்கப்படும். இவ்வளவும் விலக்கிய பின்னரும் இரவில் வரும் இழுப்பு நிற்பதில்லை. குழந்தையின் உடல் மெலிவதே கண்ட பயன். மற்றொரு வீட்டிலோ, இறால் உண்டதும் உதடு தடித்து உடலெங்கும் அரிப்பெடுத்த ஒருவர், சிறிது நேரத்தில் அடங்கிவிடும் என்று மறுமுறையும் அதையே உண்கிறார். முன்னது வேண்டாத அச்சம். பின்னது வேண்டிய அச்சம் இல்லாமை. உணவுக்கும் மூச்சு நோய்க்கும் உள்ள உறவை உள்ளவாறு அறிந்தால் இவ்விரு பிழைகளும் நீங்கும்.

ஒவ்வாமை என்பது யாது?

ஒவ்வுதல் என்பது பொருந்துதல். பிறர்க்குப் பொருந்தும் ஒரு பொருள் ஒருவர் உடலுக்கு மட்டும் பொருந்தாமையே ஒவ்வாமை. உலக மொழிகள் பலவற்றில் வழங்கும் 'அலர்ஜி' என்னும் சொல்லை 1906இல் ஆக்கியவர் வியன்னா நகர மருத்துவராகிய கிளெமென்ஸ் ஃபான் பிர்கே. 'வேறு', 'செயல்' எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து அதை அவர் அமைத்தார்.

இப்பொருந்தாமை குருதியில் தங்கியிருக்கிறது என்பதை 1921இல் கார்ல் பிரௌஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்னும் இரு ஜெர்மானிய மருத்துவர்கள் தம் உடலிலேயே சோதித்துக் காட்டினர். கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஒவ்வாது. பிரௌஸ்னிட்ஸுக்கு மீனால் இடர் இல்லை. கூஸ்ட்னரின் குருதியிலிருந்து பிரித்த நீரைப் பிரௌஸ்னிட்ஸின் தோலில் ஓரிடத்தில் ஊசி வழியே செலுத்தினர். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றைச் செலுத்தியபோது அவ்விடம் சிவந்து தடித்தது. குருதியில் இருந்த அப்பொருள் எது என்பது 1966, 1967ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் இஷிசாகா இணையராலும், சுவீடனில் ஜொஹான்சன், பென்னிக் ஆகியோராலும் கண்டறியப்பட்டது. 1968இல் அதற்கு 'இம்யூனோகுளோபுலின் ஈ' என்று பெயரிடப்பட்டது.

இவ்வெதிர்ப்பொருள் தோல், குடல், மூச்சுக்குழல் ஆகியவற்றிலுள்ள சில உயிரணுக்களின் மீது ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். ஒவ்வாத உணவின் புரதம் வந்து படுமானால் அவ்வணுக்கள் ஹிஸ்டமின் முதலிய பொருள்களைக் கொட்டிவிடும். அதனால் தோலில் தடிப்பும், குடலில் வலியும் வாந்தியும், மூச்சுக்குழலில் இறுக்கமும் உண்டாகின்றன. ஈளை உடையவரின் மூச்சுக்குழலோ முன்னரே உள்வீக்கம் கொண்டு, சிறு தூண்டுதலுக்கும் சுருங்கும் இயல்புடையது. ஆதலின் பிறருக்குத் தோல் தடிப்போடு நிற்கும் இடர் இவருக்கு மூச்சடைப்பாக முற்றக்கூடும்.

உணவே ஈளைக்குக் காரணமா?

பெரும்பாலோரிடத்தில் அன்று. ஈளை உடையோரில் உணவினால் இழுப்பு வருவோர் சிலரே. வளர்ந்தோரில் அவர் தொகை இன்னும் குறைவு. தூசி, சளிக்காய்ச்சல், புகை ஆகியவையே இழுப்பை மிகுதியாகத் தூண்டுவன. அமெரிக்காவில் டென்வர் நகரில் சார்ல்ஸ் மே என்னும் மருத்துவர், உணவால் இழுப்பு வருவதாகக் கருதப்பட்ட குழந்தைகளை ஆராய்ந்து 1976இல் தம் முடிவுகளை வெளியிட்டார். ஐயத்திற்குரிய உணவை உறைக்குள் மறைத்து, கொடுப்பவரும் உண்பவரும் அறியாவண்ணம் உண்பித்தபோது, ஒரு பகுதியினருக்கே உண்மையில் ஒவ்வாமை இருந்தது. எஞ்சியோர் அவ்வுணவை வீணே விலக்கி வந்தனர்.

பால் சளியைப் பெருக்கும் என்னும் எண்ணமும் சோதிக்கப்பட்டது. 1990இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வில், சளிக் கிருமி செலுத்தப்பட்டவர்களின் மூக்குச் சளியை நாள்தோறும் எடையிட்டுப் பார்த்தனர். மிகுதியாகப் பால் அருந்தியவருக்குச் சளி மிகவில்லை. பால் வாயிலும் தொண்டையிலும் சிறிது நேரம் படிந்து நிற்கும் உணர்வே அவ்வெண்ணத்தைத் தோற்றுவிக்கிறது. பாலின் புரதம் ஒவ்வாத குழந்தைக்குப் பால் விலக்கத்தக்கதே. ஏனைய குழந்தைகளுக்கு ஈளையைக் காரணங்காட்டிப் பாலை மறுத்தல் தகாது.

இறாலும் தூசியும்

மலேசியா, சிங்கப்பூர் போன்ற வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில், மெத்தையிலும் தலையணையிலும் கண்ணுக்குப் புலப்படாத தூசி உண்ணிகள் பெருகி வாழ்கின்றன. எட்டுக் கால்களையுடைய இவை மனிதத் தோலிலிருந்து உதிரும் செதிள்களை உண்பவை. மூக்கடைப்பும் ஈளையும் உடைய பலருக்கு ஒவ்வாதவை இவையே.

இறாலின் தசையில் 'டிரோபோமயோசின்' என்றொரு புரதம் உண்டு. இறால் ஒவ்வாமைக்கு முதன்மையான காரணம் அதுவே. வேகவைத்தாலும் அதன் தன்மை மாறாது. நண்டிலும், தூசி உண்ணியிலும், கரப்பானிலும் அதனை ஒத்த புரதம் இருக்கிறது. எனவே தூசியை எதிர்த்து உண்டான எதிர்ப்பொருள் இறாலையும் பகையாகக் கருதக்கூடும். சமய விதியால் இறாலே உண்ணாத யூதர்களில் தூசி உண்ணி ஒவ்வாமை உடையோரை ஆராய்ந்தபோது, இறாலை எதிர்க்கும் பொருள் அவர்களிடம் காணப்பட்டது. இவ்வாய்வு வெளியான ஆண்டு 2003.

இதனால் அறியத்தக்கது ஒன்று உண்டு. இறாலுக்குத் தோல் சோதனையில் தடிப்பு எழுந்ததனாலேயே ஒருவருக்கு இறால் ஒவ்வாது என்று முடிவு கட்டலாகாது; அத்தடிப்பு தூசியின் எதிரொலியாகவும் இருக்கலாம். உண்டபோது நேர்ந்தது என்ன என்பதே முதற்சான்று. மீன் புரதம் இதனின்றும் வேறானது. ஆகவே இறால் ஒவ்வாதவர் மீனையும் விலக்க வேண்டும் என்பதில்லை.

உண்ணி உணவுக்குள்ளேயே புகுவதும் உண்டு. திறந்து வைத்த மாவில் அவை பெருகி, அம்மாவில் செய்த பண்டத்தை உண்டவருக்குக் கடுமையான ஒவ்வாமை விளைந்த நிகழ்ச்சி 1993இல் அமெரிக்காவில் பதிவாயிற்று. 2008இல் சிங்கப்பூரில் அத்தகைய நிகழ்ச்சிகள் இரண்டு வெளியாயின. அடுப்பின் வெப்பம் உண்ணியைக் கொல்லுமேயன்றி அதன் புரதத்தை முற்றும் அழிப்பதில்லை. மாவை இறுக மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்தலே தக்க காப்பு.

நாட்டுக்கு நாடு வேறுபாடு

எந்த உணவு ஒவ்வாமை தரும் என்பது மக்கள் உண்ணும் வழக்கத்தையும் பொறுத்தது. சிங்கப்பூர்க் குழந்தைகள் 124 பேரிடம் கண்ட கடும் உணவு ஒவ்வாமை பற்றி 1999இல் வெளியான ஆய்வில், சீனர் விரும்பி உண்ணும் பறவைக்கூடு 27 விழுக்காடு பெற்று முதலிடத்தில் நின்றது. இறால், நண்டு வகை 24 விழுக்காடு. 2013இல் வெளியான மற்றோர் ஆய்விலோ நிலக்கடலை முன்னே வந்துவிட்டது.

உணவு மூக்கின் வழியாகவும் இடர் செய்யும். ரொட்டி சுடுவோர்க்கு மாவுத் தூளினால் நேரும் இருமலையும் மூச்சுத்திணறலையும் இத்தாலிய மருத்துவர் ரமாசினி 1700ஆம் ஆண்டு வெளியிட்ட தொழில்நோய் நூலிலேயே குறித்துள்ளார். நண்டும் இறாலும் வேகும் ஆவியும் சிலருக்கு இழுப்பை உண்டாக்கும். உலர்ந்த பழங்கள் கெடாதிருக்கச் சேர்க்கும் சல்ஃபைட் என்னும் உப்பும் ஈளை உடையோர் சிலருக்கு ஆகாது. சிங்கப்பூரில் உணவு கிலோவுக்கு 10 மில்லிகிராமோ அதற்கு மேலோ அது இருப்பின் உறையில் குறித்தல் வேண்டும் என்பது சட்டம்.

உயிர் காக்கும் வேளை

உணவு ஒவ்வாமையால் உயிரிழந்த அல்லது மயிரிழையில் தப்பிய 13 சிறுவர்களையும் இளைஞர்களையும் பற்றிய ஆய்வு 1992இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. அவர்களுள் 12 பேர் ஈளை உடையவர். தமக்கு ஒவ்வாத உணவு எது என்பதை அறிந்திருந்தும், அது கலந்திருப்பதை அறியாமல் உண்டவர். இறந்த 6 பேருள் முதல் ஒரு மணி நேரத்திற்குள் அட்ரினலின் மருந்து பெற்றவர் இருவரே. பிழைத்த 7 பேருள் 6 பேர் அதனை அரைமணி நேரத்திற்குள் பெற்றனர். காலம் தாழ்த்துதல் எத்துணைக் கேடு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

உணவு உண்ட சிறிது நேரத்தில் தோல் தடிப்பு, வாந்தி, குரல் கம்மல் ஆகியவற்றோடு இழுப்பும் வந்தால், அது வழக்கமான ஈளை அன்று. மூச்சில் இழுக்கும் மருந்து மட்டும் அப்போது போதாது. மருத்துவர் கொடுத்துள்ள அட்ரினலின் ஊசியைத் தொடையின் வெளிப்புறத்தில் உடனே செலுத்த வேண்டும். பிறகு சிங்கப்பூரில் 995, மலேசியாவில் 999 என்னும் எண்ணை அழைத்தல் வேண்டும். நோயாளியை எழுந்து நடக்க விடலாகாது. மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம்.

பெற்றோரும் ஆசிரியரும் செய்யத்தக்கவை சில. எதை உண்டபின், எத்தனை நிமிடத்தில், என்ன நேர்ந்தது என்பதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுதல் நன்று. உணவை உண்பித்துப் பார்க்கும் சோதனை மருத்துவமனையிலேயே நடைபெற வேண்டும். வீட்டில் முயலுதல் தீது. ஈளைக்குரிய அன்றாட மருந்தை விடாது கொள்ளுதல் வேண்டும். அடங்காத ஈளையே உணவு ஒவ்வாமையைக் கொடியதாக்குகிறது. ஒவ்வாமை உடைய மாணவரின் பெயரும், அவருக்கு ஆகாத உணவும், அவருடைய ஊசி இருக்கும் இடமும் வகுப்பாசிரியருக்கும் சிற்றுண்டிச்சாலையாருக்கும் தெரிந்திருத்தல் இன்றியமையாதது.

விலக்க வேண்டிய உணவு ஒன்றாயின் அவ்வொன்றை உறுதியாக விலக்குக. ஏனையவற்றைக் குழந்தை வயிறார உண்ணட்டும்.