தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வந்தால்

போன மழைக்காலத்தில் ஒரு பெண் மனு எழுதித் தரச் சொல்லி வந்தார். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரத் தொலைவில் ஒரு கிராமம். மகள் நாலாம் வகுப்பு. பள்ளியில் பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கலெக்டருக்கு எழுத வேண்டும் என்றார்.

“பள்ளி மேலாண்மைக் குழுவுல சொன்னியாம்மா?”

“அப்படி ஒண்ணு இருக்காண்ணே?”

தலைவர் யாரென்று விசாரித்துக்கொண்டு வரச் சொன்னேன். மறுநாள் வந்தார், முகம் சரியில்லை. “தலைவி நான்தானாம்ணே.”

யாரோ ஒரு நோட்டை வீட்டுக்குக் கொண்டுவருவார்கள், இவர் கையெழுத்துப் போடுவார். அஞ்சாறு தடவை போட்டிருக்கிறார். மேலே என்ன எழுதியிருந்தது என்று கேட்டேன். சில தடவை ஒன்றுமே எழுதியிருக்கவில்லையாம்.

இதை ஒரு வீட்டுக் கதை என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. மனைவி தலைவர், கூட்டத்துக்குப் போவது கணவர் என்றிருக்கும் ஊர்களைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை பள்ளியை விட்டுப் போன பிறகும் உறுப்பினராக நீடிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்து, கடைசிக் காசுவரை பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை போட்டு முடித்த பிறகே படுக்கப்போன ஊர் இது. அந்த ஊரில் பள்ளிக்கூடத்துக்கு வெற்றுத்தாளில் கையெழுத்து!

குழு என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ஜில்லா போர்டுகள் பள்ளி நடத்திய காலம் போய் வெகுநாளாயிற்று. ‘போர்டு ஸ்கூல்’ என்ற பேச்சு மட்டும் பெரியவர்கள் வாயில் நிற்கிறது. இன்று பெற்றோர் தேர்ந்தெடுத்துப் பள்ளியைக் கண்காணிக்கும் அமைப்பு பள்ளி மேலாண்மைக் குழுதான். 2010 ஏப்ரல் 1-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு இதைக் கட்டாயமாக்கியது. உறுப்பினர்களில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022-இல் 20 பேர் கொண்டு குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. 2024 ஆகஸ்டில் முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 பேர் ஆயிற்று. கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு தலைமையாசிரியருடையது. கூட்டும் பொறுப்பு என்றேன். குழுவை நடத்தும் பொறுப்பு என்று சொல்லவில்லை.

இதைப் பெற்றோர் ஆசிரியர் கழகத்தோடு போட்டுக் குழப்பாதவர்கள் குறைவு. பி.டி.ஏ. தலைவராக ஊர்ப் பெரியவரோ கட்சிக்காரரோ இருக்கலாம். மேலாண்மைக் குழுவின் பெற்றோர் இடங்களில் அந்தப் பள்ளியில் பிள்ளை படிக்கிற பெற்றோரோ பாதுகாவலரோ தவிர வேறு யாருக்கும் இடமில்லை. சட்டம் அதிகாரம் கொடுத்திருப்பதும் இந்தக் குழுவுக்குத்தான்: பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, வளர்ச்சித் திட்டம் எழுதுவது, எந்த வழியில் வந்த பணமானாலும் அது செலவாகும் விதத்தைப் பார்ப்பது.

பணத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் முதலில் அதைச் சொல்கிறேன். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் என்று ஆண்டுதோறும் ஒரு தொகை உண்டு. 30 பிள்ளைகள் வரை படிக்கும் பள்ளிக்கு 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது பத்து சதவீதம் தூய்மைப் பணிக்கென்றே ஒதுக்க வேண்டும். தாழ்ப்பாள் இந்தக் கணக்கில்தான் வரும். “பணம் வரலைம்மா” என்று பதில் வரலாம். மத்திய அரசு 2024-25க்கு இரண்டாயிரம் கோடிக்கு மேல் நிறுத்திவைத்ததால் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருந்தது என்பது உண்மைதான். இருக்கட்டும். எவ்வளவு வந்தது, எந்தத் தேதியில் வந்தது, வரவில்லை என்றால் வரவில்லை என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்ன கணக்கு கணக்கே இல்லை.

இனி தீர்மானம். நான் பார்த்த பெரும்பாலான தீர்மானங்கள் ‘கழிப்பறையைச் சீர்செய்யுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்று முடிகின்றன. யாரைக் கேட்டுக்கொள்கிறார்கள்? எப்போதைக்குள்? எந்தப் பணத்தில்? இப்படி எழுதியது எந்த அதிகாரிக்கும் வேலை வைக்காது, அதனால்தான் அதிகாரிகளுக்கு இது பிடித்திருக்கிறது. இப்படி எழுதுங்கள்: ‘மாணவியர் கழிப்பறையின் இரண்டு கதவுகளுக்கும் உள்தாழ்ப்பாள் பொருத்துவது, செலவு பள்ளி மானியத்திலிருந்து, பொறுப்பு தலைமையாசிரியரும் உறுப்பினர் இன்னாரும், அடுத்த கூட்டத்தில் ரசீது வைக்கப்படும்.’ தேதி, வந்தவர் எண்ணிக்கை, தீர்மான எண் மூன்றும் இருக்க வேண்டும். கடைசி வரிக்கும் முதல் கையெழுத்துக்கும் நடுவே இடம் விடாமல் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். அங்கேயே செல்போனில் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். தீர்மானம் பெற்றோர் செயலியிலும் ஏற்றப்பட வேண்டும். ஏற்றியதும் புத்தகத்தில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள்.

பள்ளியின் கைக்கு மீறிய வேலை என்றால் தீர்மான நகலோடு வெளியே போக வேண்டும். இங்கேதான் பலர் நேரே கலெக்டரிடம் ஓடி, மனு அங்கிருந்து இறங்கி அதே பள்ளிக்கே வந்து சேர்கிறது. ஊராட்சி ஒன்றியப் பள்ளிக் கட்டடம் என்றால் ஒன்றிய அலுவலகம், அதாவது வட்டார வளர்ச்சி அலுவலர். மாநகராட்சிப் பள்ளி என்றால் ஆணையர். காரைக்குடி 2024-இலிருந்து மாநகராட்சி, மனுவில் இன்னும் ‘நகராட்சி’ என்று எழுதி அதையே சாக்காக்க விடாதீர்கள். ஆசிரியர் வராதது, பாடம், சத்துணவுக்குப் பிறகு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது போன்றவை வட்டாரக் கல்வி அலுவலருக்கு. காரைக்குடியைச் சுற்றியுள்ள தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்குச் சாக்கோட்டை வட்டாரம். உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அதற்கு மேல் சிவகங்கையில் முதன்மைக் கல்வி அலுவலர்.

மனு இரண்டு பிரதி. ஒன்றைக் கொடுத்து, மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். “வச்சிட்டுப் போங்க” என்றால் வைக்காதீர்கள். ஒப்புகையோடு விரைவு அஞ்சலில் அனுப்புங்கள். ஒரு மாதம் அசைவில்லை என்றால் சிவகங்கை கலெக்டர் அலுவலகத்தின் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டம் இருக்கிறது. இப்போது போவது வீண் இல்லை, கையில் தீர்மானமும் முத்திரையும் இருக்கின்றன. சட்டத்தின் 32-ஆம் பிரிவையும் மனுவில் எழுதுங்கள்: குழந்தையின் கல்வி உரிமை பற்றிய எழுத்துமூலப் புகாரை உள்ளாட்சி அமைப்பு மூன்று மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும், அதில் நிறைவில்லை என்றால் மேல்முறையீடு சென்னையிலுள்ள மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு. நம் மாவட்ட ஊராட்சிகளில் 2019-இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்துவிட்டது. தலைவர் இல்லை என்பதற்காக அலுவலகம் இல்லாமல் போகாது. தனி அலுவலரிடம் கொடுங்கள்.

தீர்மானப் புத்தகத்தையோ செலவுக் கணக்கையோ காட்ட மறுத்தால் சண்டை வேண்டாம். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ‘இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை குழுத் தீர்மானங்களின் நகலும் மானிய வரவு செலவு நகலும்’ என்று கேளுங்கள். ‘ஏன் செலவு செய்தீர்கள்’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேட்க வேண்டும். 30 நாள் கெடு. தவறான அலுவலகத்துக்குப் போட்டிருந்தால் ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். பதில் இல்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

செட்டிநாட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இங்கே பழைய பள்ளிகள் பல நகரத்தார் கொடையில் எழுந்து அரசு உதவி பெறுபவை. 2012-இல் வந்த சட்டத் திருத்தப்படி உதவி பெறும் பள்ளிகளில் இந்தக் குழு ஆலோசனை மட்டுமே சொல்லலாம். அங்கே போய் “நான் தலைவர், கணக்கைக் காட்டு” என்று மேசையைத் தட்டிவிட்டு அவமானப்பட்டு வந்தவரை எனக்குத் தெரியும். அங்கே எழுத்தில் ஆலோசனை கொடுத்து, நகலை மாவட்டக் கல்வி அலுவலருக்கு அனுப்புவதுதான் வழி.

ஆபத்துகளில் இரண்டைச் சொல்லாமல் விட முடியாது. 2022-இல் 13,331 தற்காலிக ஆசிரியர் பணியிடங்களைக் குழுக்கள் வழியே நிரப்ப அரசு சொன்னது; வேண்டியவர்களுக்கு இடம் போய்விடும் என்று வழக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை வரை போனது. அப்படி ஒரு நியமனத் தீர்மானம் வந்தால், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், தகுதிச் சான்று என்ன என்று பார்க்காமல் பேனாவைத் திறக்காதீர்கள்.

இரண்டாவது இதைவிடப் பெரியது. பிள்ளையிடம் யாராவது தகாத முறையில் நடந்துகொண்டதாகத் தெரிந்தால், குழு கூட்டிப் பேசித் தீர்க்கும் விஷயமல்ல அது. ஊர்ப் பேர் கெடும், பள்ளிப் பேர் கெடும் என்று பேசி முடித்தவர்களை அறிவேன். போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவு போலீசுக்குச் சொல்லக் கட்டாயப்படுத்துகிறது. சொல்லாமல் மறைப்பது 21-ஆம் பிரிவில் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, நிறுவனப் பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருடம் வரை. காவல் நிலையம் அல்லது 1098. அந்தப் பிள்ளையின் பெயர் தீர்மானப் புத்தகத்தில் வரவே கூடாது. பேசித் தீர்க்காதீர்கள். எத்தனை பெரிய மனிதர் வந்து கேட்டாலும் பேசித் தீர்க்காதீர்கள்.

அந்தப் பெண் அடுத்த கூட்டத்துக்குத் தானே போனார். தாழ்ப்பாள் தீர்மானத்தை அவர்தான் சொல்லச் சொல்ல எழுதவைத்தார். மூன்றாம் வாரம் போட்டார்கள். கலெக்டருக்கு மனு எழுத வேண்டியிருக்கவில்லை.

2024-இல் அமைந்த குழுக்களின் காலம் இரண்டு ஆண்டு. அடுத்த தேர்வுக்குப் பள்ளியில் கூட்டும்போது பெயர் கொடுப்பதற்கு முன், மாதத்தில் ஒரு பிற்பகல் உங்களால் பள்ளிக்கு வர முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். முடியாது என்றால், முடிகிற பக்கத்து வீட்டுத் தாயின் பெயரைச் சொல்லுங்கள். நோட்டு மட்டும் வீட்டுக்கு வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.