தகுதி விதியும் தனிமனித மாண்பும்

பருவமடையும்போது ஆண் உடலில் பெருகும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன், தசையையும் எலும்பையும், குருதியில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினையும் மிகுவிப்பதால், ஓட்டப்பந்தயங்களின் உச்சநிலையில் இருபாலருக்கும் இடையே ஏறத்தாழ 10 முதல் 12 விழுக்காடு இடைவெளி நிலவுகிறது. பெண்களுக்குத் தனிப்பிரிவு இல்லையேல் இறுதிச் சுற்றில் அவர்களுக்கு இடமே இராது.

இப்பிரிவின் எல்லையில் எழும் கேள்விகள் இரண்டு. முதலாவது, திருநங்கையரைப் பற்றியது. டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கும் சிகிச்சையால் ஹீமோகுளோபின் சில மாதங்களில் பெண்களின் அளவுக்கு இறங்கினாலும், தசை வலிமை ஓராண்டுக்குப் பின்னும் சிறிதளவே குறைகிறது, உயரமோ மாறுவதில்லை. ஆயினும் இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை விளையாட்டுப் பயிற்சி பெறாதோரிடம் நடத்தப்பட்டவை. ஆண் பருவமடைதலைக் கடந்த திருநங்கையரை உலகத் தடகள அமைப்பு 2023 மார்ச்சில் பன்னாட்டுப் பெண்கள் போட்டிகளிலிருந்து விலக்கியது.

இரண்டாவது, பெண்ணாகவே பதிவாகி வளர்ந்தும் குரோமோசோமோ ஹார்மோனோ வழக்கத்திலிருந்து மாறுபட்டிருப்போரைப் பற்றியது. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன், 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் வென்ற வெள்ளிப் பதக்கம் பாலினச் சோதனைக்குப் பின் பறிக்கப்பட்டதோடு, மறைவாகக் காக்கப்பட்டிருக்க வேண்டிய செய்தி நாடெங்கும் பரவியது. பெண் போட்டியாளர்களின் இயற்கையான ஹார்மோன் அளவுக்கு வரம்பு வகுத்த விதியால் 2014இல் தடை செய்யப்பட்ட ஒடிசா ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் முறையிட்டபோது, இயற்கையாக மிகுந்த ஹார்மோன் எவ்வளவு ஆதாயம் தருகிறது என்பதற்குப் போதிய சான்றில்லை என்று கூறி, விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2015 ஜூலையில் அவ்விதியை நிறுத்திவைத்தது.

2025 செப்டம்பர் முதல், உலகத் தடகளத் தரவரிசைப் போட்டிகளின் பெண்கள் பிரிவில் பங்கேற்போர் எஸ்ஆர்ஒய் என்னும் மரபணுவுக்கான சோதனையை ஒருமுறை செய்துகொள்ள வேண்டும். பொதுவாக ஒய் குரோமோசோமில் அமைந்து, கருவில் விந்தகம் உருவாகத் தூண்டும் மரபணு இது. ஆனால், அது இருந்தும் டெஸ்டோஸ்டிரோனுக்குச் சற்றும் இணங்காத உடல்களும் உண்டு என்பதால், அச்சோதனை ஆய்வின் தொடக்கமாகலாமே தவிர, தீர்ப்பாக முடியாது.

பெண்கள் பிரிவைக் காப்பதும் சோதிக்கப்படுபவரின் மாண்பைக் காப்பதும் ஒரே நீதியின் இரு கடமைகள். தாம்பரத்தை அடுத்த மேலக்கோட்டையூரில் இயங்கும் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் போன்ற நிறுவனங்கள், சோதனைக்கு முன் ஒப்புதலும் ஆலோசனையும், பின் மறைகாப்பும் கட்டாயம் என்பதை எதிர்காலப் பயிற்றுநர்களுக்குப் பாடமாகவே கற்பிக்க வேண்டும்; சாந்திக்கு நேர்ந்தது இனி எந்த வீராங்கனைக்கும் நேரக்கூடாது.