நுண்செயலிப் பாதுகாப்புக் குறைபாடுகள்

நுண்செயலிப் பாதுகாப்புக் குறைபாடு என்பது கணினியின் மையச் செயலகமாகிய நுண்செயலியின் வடிவமைப்பிலேயே அமைந்துவிட்ட, இரகசியத் தகவல் கசிய இடந்தரும் பிழையாகும். கணினி பழுதடைவதற்கும் இதற்கும் தொடர்பில்லை. குறைபாடுள்ள நுண்செயலி தனக்கு இடப்பட்ட கணக்குகள் அனைத்தையும் சரியாகவே செய்யும். ஆனால் அவற்றைச் செய்யும் முறையில் விட்டுச்செல்லும் தடயங்களைக் கொண்டு, ஒரு நிரல் தனக்கு உரிமையில்லாத கடவுச்சொற்களையும் கோப்புகளையும் அறிந்துகொள்ள முடியும். 2018 சனவரியில் வெளிப்படுத்தப்பட்ட மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகியவை இவ்வகையில் மிகவும் அறியப்பட்டவை.

வன்பொருள் கோளாறிலிருந்து வேறுபாடு

வன்பொருள் கோளாறு பெரும்பாலும் தன்னை வெளிக்காட்டிக்கொள்ளும். நினைவகச் சில்லு கெட்டால் நீலத்திரை தோன்றும். வன்தட்டு தேய்ந்தால் கோப்புகள் திறக்கமாட்டா. விசிறி நின்றால் கணினி சூடேறித் தானே அணையும். பெரம்பலூர், அரியலூர் போன்ற உள்மாவட்டங்களில் இக்கோளாறுகளுக்கான காரணங்கள் பெரிதும் சூழலைச் சார்ந்தவை. கோடை வெப்பமும் செம்மண் புழுதியும் வெப்பத்தணிப்பியின் இடுக்குகளை அடைக்கின்றன. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும் நிறைந்த அரியலூர் வட்டாரத்தில், ஈரத்துடன் சேர்ந்து இறுகக்கூடிய நுண்தூசியும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது. மின்னழுத்த ஏற்றத்தாழ்வு மின்வழங்கி அலகையும் தாய்ப்பலகையையும் தாக்குகிறது. 2012ஆம் ஆண்டையொட்டித் தமிழகத்தில் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு நிலவியபோது, யூ.பி.எஸ். இல்லாத கணினிகள் இயங்கிக்கொண்டிருக்கும்போதே அடிக்கடி அணைந்தன. இவை அனைத்தும் துடைத்தோ, பகுதியை மாற்றியோ சரிசெய்யத்தக்கவை.

பாதுகாப்புக் குறைபாடு அத்தகையதன்று. அது எந்த அறிகுறியையும் காட்டாது. பழுதுபார்ப்பவரின் கண்ணுக்கோ கருவிக்கோ புலப்படாது. கெட்டுப்போன நுண்செயலிக்கு மாற்றாக அதே வகையைச் சேர்ந்த புதிய நுண்செயலியைப் பொருத்தினாலும் குறைபாடு அப்படியே இருக்கும்.

இரண்டுக்கும் இடைப்பட்ட நிகழ்வுகளும் உண்டு. 2024இல் இன்டெல் நிறுவனத்தின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினி நுண்செயலிகள் சில, தேவைக்கு மிகுதியான மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதால் காலப்போக்கில் சேதமடைந்து, நிரல்கள் இடையிடையே நின்றுபோயின. அந்நிறுவனம் அவ்வாண்டு ஆகத்து மாதம் முதல் அதற்கான திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. அத்திருத்தம் மேலும் சேதம் ஏற்படாமல் தடுக்குமே தவிர, ஏற்கெனவே சேதமடைந்த சில்லைக் குணப்படுத்தாது.

முன்வரலாறு

நுண்செயலியின் வடிவமைப்புப் பிழை பொதுமக்களின் கவனத்துக்கு வந்த முதற்பெரும் நிகழ்வு 1994இல் நிகழ்ந்தது. அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி, பகா எண்கள் தொடர்பான கணக்கீடுகளில் ஈடுபட்டிருந்தபோது, இன்டெல்லின் பென்டியம் நுண்செயலி சில எண்களை வகுக்கையில் தவறான விடை தருவதைக் கண்டார். வகுத்தலுக்கான உள் அட்டவணையில் சில மதிப்புகள் விடுபட்டிருந்தமையே இதற்குக் காரணம். இன்டெல் அவ்வாண்டு திசம்பரில், கேட்பவர் அனைவருக்கும் சில்லை மாற்றித் தருவதாக அறிவித்தது. இதற்காக அந்நிறுவனம் ஒதுக்கிய தொகை 47.5 கோடி அமெரிக்க டாலர் ஆகும்.

பென்டியம் பிழை தவறான விடையைத் தந்தது. ஆகவே கண்டுபிடிக்க முடிந்தது. பின்னாளில் வெளிப்பட்ட பாதுகாப்புக் குறைபாடுகளிலோ விடை சரியாகவே இருந்தது. அதனால் அவை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எவர் கண்ணிலும் படாமல் இருந்தன.

செயற்படும் விதம்

நுண்செயலியின் வேகத்துடன் ஒப்பிட முதன்மை நினைவகம் மிகவும் மெதுவானது. நினைவகத்திலிருந்து ஒரு தரவு வந்துசேர்வதற்குள் நுண்செயலி நூற்றுக்கணக்கான கட்டளைகளை முடித்துவிட முடியும். இந்தக் காத்திருப்பைத் தவிர்க்க இரண்டு உத்திகள் கையாளப்படுகின்றன. முதலாவது, அண்மையில் பயன்பட்ட தரவுகளைக் கேச் எனப்படும் பதுக்கு நினைவகத்தில் அருகிலேயே வைத்துக்கொள்வது. இரண்டாவது, அடுத்து எக்கட்டளை வரும் என்று ஊகித்து அதனை முன்கூட்டியே செய்துவைப்பது. இது ஊக நிறைவேற்றம் எனப்படும். ஊகம் சரியானால் நேரம் மிச்சமாகும். தவறானால் செய்த வேலை கைவிடப்படும்.

பெரம்பலூர்ப் பேருந்து நிலையத்தில் உள்ள ஒரு தேநீர்க் கடையை இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நாள்தோறும் காலை ஏழு மணிப் பேருந்தில் வந்து இறங்கும் ஒருவர் சர்க்கரை இல்லாத தேநீர் கேட்பவர் என்றால், பேருந்தைக் கண்டதுமே கடைக்காரர் அதனை ஆற்றத் தொடங்கிவிடுவார். அவர் வந்தால் உடனே கொடுக்கலாம். வராவிட்டால் தேநீரைக் கீழே ஊற்றிவிடுவார். விற்பனைக் கணக்கில் அது இடம்பெறாது. ஆனால் ஈரமான கண்ணாடிக் குவளை மேசைமேல் இருக்கும். அதனைக் கூர்ந்து பார்ப்பவர், யாருக்காக என்ன ஆற்றப்பட்டது என்பதை அறிந்துகொள்வார். நுண்செயலியில் இந்த ஈரக் குவளையின் இடத்தில் இருப்பது பதுக்கு நினைவகம் ஆகும். தவறான ஊகத்தால் செய்த வேலை கைவிடப்பட்டாலும், அதற்காகக் கொண்டுவரப்பட்ட தரவு பதுக்கு நினைவகத்திலேயே தங்கிவிடுகிறது.

தாக்குபவர் இத்தடயத்தை நேரத்தை அளந்து படிக்கிறார். ஒரு பைட்டு 0 முதல் 255 வரை 256 மதிப்புகளுள் ஒன்றைக் கொண்டிருக்கும். தாக்கும் நிரல் 256 இடங்கள் கொண்ட ஓர் அட்டவணையை அமைத்து, இரகசிய பைட்டின் மதிப்பு எதுவோ அந்த எண்ணுள்ள இடத்தை நுண்செயலி ஊக நிறைவேற்றத்தின்போது தொடும்படி செய்கிறது. இரகசிய மதிப்பு 65 எனில் 65ஆம் இடம் பதுக்கு நினைவகத்துக்கு வந்துவிடும். பின்னர் 256 இடங்களையும் ஒவ்வொன்றாகப் படித்து நேரத்தை அளந்தால், 65ஆம் இடம் மட்டும் மற்றவற்றைவிட விரைவாகக் கிடைக்கும். இவ்வாறு இரகசியத்தை நேரடியாகப் படிக்காமலேயே அதன் மதிப்பு அறியப்படுகிறது. இதனை ஒரு பைட்டுக்கு ஒருமுறையெனத் தொடர்ந்து செய்தால் முழுக் கடவுச்சொல்லும் கிடைத்துவிடும்.

மெல்ட்டவுனும் ஸ்பெக்டரும்

இக்குறைபாடுகளைக் கூகுள் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் யான் ஹார்ன், ஆசுதிரியாவின் கிராசு தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பால் கோச்சர் உள்ளிட்ட பிறர் ஏறத்தாழ ஒரே காலத்தில் தனித்தனியே கண்டறிந்தனர். 2017 சூன் மாதத்தில் நுண்செயலி நிறுவனங்களுக்குத் தெரிவிக்கப்பட்ட இச்செய்தி, திருத்தங்கள் உருவாக்கப்படும்வரை மறைத்துவைக்கப்பட்டு, 2018 சனவரி 3ஆம் நாள் வெளியிடப்பட்டது.

மெல்ட்டவுன் என்பது இயங்குதளத்தின் கருனிக்கு உரிய நினைவகப் பகுதியைச் சாதாரண நிரல் ஒன்று படிக்க இடந்தரும் குறைபாடாகும். நிரலுக்கு உரிமை உள்ளதா என்று நுண்செயலி சோதிக்கவே செய்கிறது. ஆனால் அச்சோதனை முடிவதற்குள் தரவைக் கொண்டுவந்து அடுத்த கட்டளைகளையும் தொடங்கிவிடுகிறது. இது பெரும்பாலான இன்டெல் நுண்செயலிகளையும் ஆர்ம் வகையில் சிலவற்றையும் பாதித்தது, ஏ.எம்.டி. நுண்செயலிகளைப் பாதிக்கவில்லை.

ஸ்பெக்டர் இதனினும் நுட்பமானது. இதில் தாக்குபவர் நுண்செயலியைத் தவறாக ஊகிக்கப் பழக்குகிறார். மேற்கண்ட எடுத்துக்காட்டில், ஒருவர் வேண்டுமென்றே பல நாட்கள் ஒரே பானத்தைக் கேட்டுக் கடைக்காரரை அதற்குப் பழக்குவதுடன் இதனை ஒப்பிடலாம். அவ்வாறு பழக்கியபின், பாதிக்கப்படும் நிரல் தன் இரகசியத்தைத் தானே ஊக நிறைவேற்றத்தின்போது தொட்டுவிடுகிறது. இன்டெல், ஏ.எம்.டி., ஆர்ம் ஆகிய மூன்றுமே இதனால் பாதிக்கப்பட்டன.

இவற்றுக்குப் பின்னும் புதிய குறைபாடுகள் தொடர்ந்து வெளிவந்தன. 2018இல் போர்ஷேடோ, 2019இல் ஸாம்பிலோட், 2023இல் இன்டெல்லின் பல தலைமுறைகளைப் பாதித்த டவுன்பால், அதே ஆண்டில் ஏ.எம்.டி.யின் ஸென் 2 வகையைப் பாதித்த ஸென்பிளீட் ஆகியன அவற்றுட் சில.

திருத்தும் முறைகள்

விற்பனையான சில்லை மாற்றியமைக்க இயலாது. ஆகவே திருத்தங்கள் மூன்று நிலைகளில் செய்யப்படுகின்றன. முதலாவது, இயங்குதளத்தில் கருனியின் நினைவகத்தையும் நிரல்களின் நினைவகத்தையும் தனித்தனி வரைபடங்களாகப் பிரித்தல். கிராசு பல்கலைக்கழகம் 2017இல் முன்வைத்த இம்முறையே லினக்ஸில் மெல்ட்டவுனுக்கான தடுப்பாக வளர்ந்தது. இரண்டாவது, மைக்ரோகோட் எனப்படும் நுண்குறிமுறையைப் புதுப்பித்தல். நுண்செயலியின் உட்கட்டளைகளில் சிலவற்றை இது மாற்றியமைக்கும். பயாஸ் வழியாகவோ இயங்குதளத்தின் வழியாகவோ இது வந்துசேரும். மூன்றாவது, இணைய உலாவிகளில் நேரத்தை நுட்பமாக அளக்கும் வசதியைக் குறைத்தலும், ஒவ்வோர் இணையத்தளத்தையும் தனித்தனியே இயக்குதலும் ஆகும்.

இத்திருத்தங்களும் சிக்கலின்றி அமையவில்லை. 2018 சனவரியில் மைக்ரோசாப்டின் இற்றைப்படுத்தல் சில பழைய ஏ.எம்.டி. கணினிகளைத் தொடங்கவிடாமல் செய்ததால் அவற்றுக்கு வழங்குவது நிறுத்திவைக்கப்பட்டது. அதே மாதம் 22ஆம் நாள், இன்டெல் தன் நுண்குறிமுறைத் திருத்தம் சில கணினிகளைத் திடீரென மறுதொடக்கம் செய்விப்பதால் அதனை நிறுவவேண்டாம் எனக் கேட்டுக்கொண்டது. வேகமும் குறைந்தது. 2015ஆம் ஆண்டு காலத்திய அல்லது அதற்கு முந்தைய நுண்செயலிகளில் விண்டோஸ் 7, 8 ஆகியவற்றை இயக்குவோரில் பெரும்பாலோர் வேகக்குறைவை உணர்வர் என மைக்ரோசாப்டு அறிவித்தது. இதனால் கணினி ஆர்வலர்களுள் சிலர் வேகத்துக்காகத் தடுப்புகளை அணைத்துவிடுகின்றனர். வெளியாரின் நிரல்களும் இணைய உலாவியும் இயங்கும் கணினியில் அவ்வாறு செய்வது இடர் மிகுந்ததாகும்.

பழைய கணினிகளின் நிலை

திருத்தம் அனைத்தும் இற்றைப்படுத்தல் வழியாகவே வருவதால், இற்றைப்படுத்தல் நின்றுபோகும் நாளே கணினியின் பாதுகாப்பு முடியும் நாளாகிறது. 2018 ஏப்ரலில் இன்டெல், கோர் 2 டுவோ உள்ளிட்ட பழைய நுண்செயலி வகைகள் பலவற்றுக்கு ஸ்பெக்டர் திருத்தம் உருவாக்கப்போவதில்லை என அறிவித்தது. விண்டோஸ் 7க்கான பொது ஆதரவு 2020 சனவரி 14ஆம் நாளும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளும் முடிவடைந்தன. விண்டோஸ் 11, இன்டெல்லின் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய பெரும்பாலான நுண்செயலிகளை ஏற்பதில்லை.

தமிழ்நாட்டில் இது பலரைத் தொடும் செய்தியாகும். 2011 செப்டம்பர் 15ஆம் நாள் தொடங்கப்பட்ட தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கீழ், அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்கள் பல இலட்சம் பேர் மடிக்கணினி பெற்றனர். பெரம்பலூர், அரியலூர் போன்ற வேளாண் மாவட்டங்களில் பல குடும்பங்களுக்கு வீட்டின் முதற்கணினி இதுவே. மாணவர் படிப்பை முடித்தபின் தம்பி தங்கையரும், பின்னர் பெற்றோரும் அதனைப் பயன்படுத்துவது இயல்பு. பாடம் படிக்கப் பயன்பட்ட காலத்தில் அதில் களவாடத்தக்கது அதிகம் இருக்கவில்லை. வங்கிக் கணக்கும் ஆதார் எண்ணும் அரசு விண்ணப்பங்களும் அதன் வழியே செல்லத் தொடங்கும்போதோ, அதற்கான திருத்தங்கள் நின்றுபோயிருக்கும். உரிமமில்லா இயங்குதளங்களில் இற்றைப்படுத்தலை நிறுத்திவைக்கும் வழக்கமும் இந்நிலையை மோசமாக்குகிறது.

இத்தகைய கணினிகளுக்கு லினக்ஸ் வழங்கல்கள் ஒரு மாற்றாகும். பழைய நுண்செயலிகளையும் அவை தொடர்ந்து ஆதரிப்பதோடு, நுண்குறிமுறைத் திருத்தம் கிடைக்காத இடங்களில் கருனி அளவிலான தடுப்புகளையேனும் தருகின்றன.

சக்தி நுண்செயலி

சென்னையில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வீ. காமகோடி தலைமையிலான குழு உருவாக்கிய சக்தி நுண்செயலிகள், ரிஸ்க்-வி எனப்படும் திறந்த கட்டளைத் தொகுதியை அடிப்படையாகக் கொண்டவை. இவற்றுள் சி வகுப்பு என்பது கட்டளைகளை வரிசை மாறாமல் நிறைவேற்றும் எளிய வடிவமைப்புடையது. ஊக நிறைவேற்றம் ஆழமாக நிகழாத இத்தகைய நுண்செயலிகளில் மெல்ட்டவுன், ஸ்பெக்டர் போன்றவற்றுக்கு இடம் மிகக் குறைவு. மாணவர்கள் பயன்படுத்தும் ராஸ்பெரி பை கணினியின் முதல் மூன்று தலைமுறைகளும் இதே காரணத்தால் பாதிக்கப்படவில்லை. இதற்கு ஈடாக வேகத்தை விட்டுக்கொடுக்க வேண்டியுள்ளது.

சக்தியின் வடிவமைப்பு வெளிப்படையாகக் கிடைப்பதால் குறைகளை யாரும் ஆராயலாம். எனினும் வெளிப்படைத்தன்மை மட்டுமே பாதுகாப்பாகிவிடாது. வேறொரு திறந்த ரிஸ்க்-வி நுண்செயலியாகிய பூம், ஊக நிறைவேற்றம் உடையதாகையால், அதில் ஸ்பெக்டர் தாக்குதலை ஆய்வாளர்கள் 2019இல் நிகழ்த்திக் காட்டினர்.

பயனர் மேற்கொள்ளத்தக்கவை

இக்குறைபாடுகளைப் பயன்படுத்த, தீய நிரல் முதலில் அக்கணினியில் இயங்கியாக வேண்டும். ஆகவே அறியாத இடங்களிலிருந்து நிரல்களைப் பெறாதிருத்தல் முதற்காப்பாகும். இயங்குதளம், உலாவி, பயாஸ் ஆகிய மூன்றையும் இற்றைப்படுத்தி வைத்தல் அடுத்ததாகும். பயாஸை இற்றைப்படுத்தும்போது மின்சாரம் தடைப்பட்டால் தாய்ப்பலகையே செயலற்றுப் போகக்கூடும் என்பதால், மின்வெட்டு உள்ள இடங்களில் யூ.பி.எஸ். அல்லது மின்கலம் நிறைந்த நிலையில் மட்டுமே அதனைச் செய்யவேண்டும்.

புதிய லினக்ஸ் வழங்கல்களில் முனையத்தில் எல்எஸ்சிபியு என்னும் கட்டளையை இட்டால், நுண்செயலியின் விவரங்களுடன் ஒவ்வொரு குறைபாட்டின் பெயரும் அதன் நிலையும் காட்டப்படும். நாட் அபெக்டட் என்றிருந்தால் பாதிப்பில்லை. மிட்டிகேஷன் என்றிருந்தால் தடுப்பு செயற்படுகிறது. வல்னரபிள் என்றிருந்தால் அக்குறை இன்னும் திறந்தே உள்ளது எனப் பொருள். பழைய கணினி ஒன்றை விலைக்கு வாங்குமுன் அதன் வன்தட்டையும் மின்கலத்தையும் சோதிப்பது போலவே, இதனையும் பார்த்துக்கொள்ளலாம். திருத்தம் கிடைக்காத கணினியை வங்கிப் பணிகளுக்குப் பயன்படுத்தாமல், தட்டச்சு, நிரலாக்கப் பயிற்சி, இணைய இணைப்பில்லாப் படிப்பு ஆகியவற்றுக்குத் தொடர்ந்து பயன்படுத்தலாம்.