பன்னீர் திராட்சையின் தாய்வீடு

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம் ஊராட்சியில், செல்லார்கோவில் மெட்டுக்கு வந்ததும் மலை சட்டென்று முடிந்துவிடுகிறது. முதுகுக்குப் பின்னால் ஏலக்காட்டுச் சாரல். எதிரே, காலடியில், வெயில் காயும் தமிழ்நாட்டுக் கம்பம் பள்ளத்தாக்கு. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியை மேடே வாங்கிக்கொள்ள, கீழே இறங்குவது ஈரம் இழந்த காற்றுதான். ஏலச்செடிக்கு அந்த வறட்சி ஆகாது. திராட்சைக்கோ இலையும் குலையும் நனையாமல் இருந்தால்தான் பூசண நோய் மட்டுப்படும். வேருக்கு மட்டும் தண்ணீர் போதும். அதை 1895 முதல் முல்லைப்பெரியாறு அணை தருகிறது.

சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் பக்கம் பந்தல் பந்தலாகப் படர்ந்திருப்பது பன்னீர் திராட்சை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த ரகத்துக்கு உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இதன் தாய் ‘ஸ்கியாவா குரோசா’ என்ற சிவப்பு ஒயின் திராட்சை. அதன் ஊர் இத்தாலியின் வடகோடி. தந்தை, மணத்துக்குப் பேர்போன அலெக்சாண்டிரியா மஸ்கட். இரண்டையும் இணைத்தவர் இங்கிலாந்துத் தோட்டக்காரர் சீவார்ட் ஸ்னோ, 1850 வாக்கில். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் பன்னீர் திராட்சையைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று வழக்கமாகச் சொல்வார்கள். பிள்ளை பிறக்கும் முன்பே பயணம் வந்ததாக ஆகிறது கணக்கு! பாதிரியார் கொண்டுவந்தது வேறு ரகமாக இருக்கலாம், அல்லது ஆண்டு பிசகியிருக்கலாம்.

தாய்வீட்டுக்குப் போவோம். ஆல்ப்ஸ் மலையடியில் ஆல்டோ அடிஜே. முதல் உலகப் போர்வரை ஆஸ்திரியாவிடம் இருந்த பகுதி என்பதால் இன்றும் அங்கே ஜெர்மன் பேச்சுதான் அதிகம். அதன் தலைநகர் போல்சானோவைச் சுற்றி மூன்று பக்கமும் மலை. வடக்குக் குளிரை ஆல்ப்ஸ் தடுப்பதால் கோடையில் ஊர் கொதிக்கும். பிற்பகலில் தெற்கே கார்டா ஏரிப் பக்கமிருந்து ‘ஓரா’ என்ற காற்று பள்ளத்தாக்கு வழியே ஏறிவந்து இலைகளை உலர்த்தும். இரவில் மலைக்குளிர் இறங்கும். ஊரை ஒட்டிய சாந்தா மத்தலேனா சரிவுகளில், பனிப்பாறைகள் விட்டுச்சென்ற சரளை மண்ணில், ஸ்கியாவாவைப் பந்தலில்தான் ஏற்றுகிறார்கள். மரச்சட்டம் சற்றுச் சாய்ந்திருக்கும் என்பதைத் தவிர, கம்பத்துக்காரருக்கு அதில் புதுமை தெரியாது. அந்த ஒயின் அடர்ந்த சிவப்பல்ல. வெளிர்நிறம், துவர்ப்புக் குறைவு. நிறம் கூட்டச் சிறிது லாக்ரைன் திராட்சை சேர்ப்பதுண்டு.

ஒரே பந்தல், ஒரே குருதி. ஆனாலும் அங்கே ஒயின், இங்கே பழக்கூடை. காரணம் பெரும்பாலும் குளிர்தான். போல்சானோவில் இலையுதிர்ந்த கொடி வசந்தம்வரை உறங்கும். ஆண்டுக்கு ஓர் அறுவடை. கம்பத்தில் கொடிக்கு உறக்கமே இல்லை. விவசாயி கவாத்து செய்யும் நாள்தான் அதற்கு வசந்தம். நான்கு மாதத்தில் பழம் அறுக்கலாம். தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து நாள் மாறுவதால் ஆண்டு முழுவதும் சந்தையில் பன்னீர் கிடைக்கிறது.

ஒயினுக்கு இனிப்பு மட்டும் போதாது, புளிப்பும் வேண்டும். பழத்திலுள்ள மாலிக் அமிலத்தைப் பழமே சுவாசித்து எரித்துவிடும். வெம்மை கூடக்கூட வேகமாக எரியும். குளிர்ந்த இரவு அதை மிச்சம்பிடிக்கும், வெப்பமண்டல இரவு கரைத்துவிடும். பன்னீரில் தங்குவது தந்தைவழி மணம்: ரோஜாவிலும் இருக்கும் ஜெரானியால் போன்ற பொருள்களின் வேலை. நிறம் தோலில் மட்டும் இருப்பதால், தோலோடு ஊறவிட்டால்தான் சாறு சிவக்கும்.

அப்படி ஊறவிடும் இடம் மேட்டின்மேலேயே இருக்கிறது. கம்பமெட்டும் குமுளியும் வழியாக ஏறும் பழக்கூடைகளில் கொஞ்சம், கிறிஸ்துமஸுக்குச் சில வாரம் முன்பே இடுக்கி வீடுகளின் பரணிகளுக்குள் போகும். சர்க்கரை, ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை, பட்டை, கிராம்பு. உள்ளூர் ஏலமும் சேரும். உரிமம் இல்லாமல் இப்படி ஒயின் வடிப்பது கேரளத்தில் குற்றம் என்று கலால் துறை சொல்கிறது. சாந்தா மத்தலேனாக்காரர்கள் மசாலாவைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். என் கணிப்பில், நிலத்தின் குணம் ஒயினில் தெரிய வேண்டும் என்ற அவர்கள் விதிக்கு இந்தப் பரணி அவ்வளவு தூரம் இல்லை: திராட்சை மழைமறைவுப் பள்ளத்தாக்கினுடையது, ஏலம் மழை பெய்யும் மேட்டினுடையது.