மூன்றரை அங்குலச் சில்லு

மொரிஸ் மைனர் தொழிற்சாலையை விட்டு வந்தபோது அதன் ரிம் மூன்றரை அங்குல அகலம், 14 அங்குல விட்டம். அதில் ஏறிய டயர் முதலில் 5.00, பிறகு 5.20. இன்றைய கணக்கில் 145 மில்லிமீற்றரை ஒட்டிய அகலம். காரைதீவுச் சந்தியில் கொஞ்ச நேரம் நின்றால், சம்மாந்துறைப் பக்கம் திரும்பும் முச்சக்கர வண்டிகளுக்கும் நெல் லொறிகளுக்கும் நடுவே இன்றைக்கும் எப்போதாவது ஒரு மைனர் போகும். உடம்பு அன்றைய உடம்புதான். சில்லுகள் மட்டும் வேறு: 195 அகலத்தில் தட்டையான கறுப்பு டயர், பளபளக்கும் அலோய் ரிம், மட்காட்டுக்கு வெளியே ஒரு விரல் அளவு நீட்டிக்கொண்டு.

அறுபது வயதான காரை இருபத்தைந்து வயதுப் பொடியன் ஒருவன் காசு செலவழித்துப் பேணுகிறான் என்றால் எனக்கு அது மகிழ்ச்சி. அவன் விட்டால் அது இரும்புக் கடைக்குத்தான் போகும். ஆனால் சில்லை எவ்வளவு அகலமாக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கு அந்தக் காரிலேயே விடை இருக்கிறது. அதைப் பார்க்காமல் செய்வதுதான் மனதை உறுத்துகிறது.

1950களிலும் 60களிலும் இந்தக் கரையில் மைனரும் ஒஸ்ரின் ஏ40உம் ஹயர் ஓடின கார்கள். பிரசவத்துக்குக் கல்முனை ஆஸ்பத்திரி, கலியாணத்துக்கு மட்டக்களப்பு, வைகாசியில் கண்ணகை அம்மன் திருக்குளிர்த்திக்கு வெளியூர்ச் சனம், எல்லாம் அந்தக் கார்களில்தான். நாலு பேருக்குச் செய்த காரில் எட்டுப் பேர் ஏறினார்கள். மேலே கரியரில் வாழைக்குலையும் பாயும். டயரைப் பற்றிய பேச்சு அன்றைக்குச் சுமையையும் காற்றையும் பற்றியதாகவே இருந்தது. அகலம் ஒருவர் வாயிலும் வரவில்லை. வரவும் முடியாது. 1960களில் அந்நியச் செலாவணி இறுகி கார் இறக்குமதி சுருங்கியது. 1970 முதல் 1977 வரை இன்னும் மோசம். சோவியத் உதவியோடு களனியில் எழுந்த டயர் கூட்டுத்தாபனத்தின் தொழிற்சாலை உள்நாட்டு டயரைத் தந்தது. அதுவும் நினைத்தவுடன் கைக்கு வருவதில்லை. நூல் தெரியும் வரை ஓடி, தேய்ந்த டயருக்கு மேலே புதுப் பட்டை ஒட்டி, மறுபடி ஓடினார்கள். உள்ளே ரியூப், அதில் ஒட்டுக்கு மேல் ஒட்டு.

ஆனால் அகலச் சில்லு என்ற அறிவு இந்த ஊருக்குப் புதிதல்ல. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் வயல்களுக்கு வந்து, மாடுகளின் இடத்தை உழவு இயந்திரம் பிடித்தபோது, சேற்றில் டயர் புதைந்தது. இரும்புச் சட்டங்களால் கூண்டு போலச் செய்த சில்லைப் பக்கத்தில் பூட்டி அகலப்படுத்தியதும் இயந்திரம் புதையாமல் உழுதது. கடற்கரை மணலில் இறங்கும் சாரதி டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவான். டயர் சப்பளிந்து நிலத்தில் பரவும், வண்டி நகரும். இரண்டு இடத்திலும் அகலம் தேவைக்கு வந்தது. வேலை முடிந்ததும் கூண்டைக் கழற்றினார்கள், காற்றை மறுபடி அடித்தார்கள். தார் வீதியில் யாரும் கூண்டோடு ஓடவில்லை.

மைனரின் பிறப்பிலும் அகலத்துக்கு ஒரு கதை உண்டு. அதை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், மாதிரிக் காரைப் பார்த்து அது ஒடுங்கிக் கிடக்கிறது என்று நினைத்தார். 1948இல் இலண்டன் கார்க் கண்காட்சிக்கு வர இருந்த கார் அது. நீளவாக்கில் நடுவே வெட்டச் சொல்லி, இரண்டு பாதியையும் மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்தார். நாலு அங்குலம் விலகியபோது கண்ணுக்குச் சரியாகப் பட்டது, அங்கே நிறுத்தினார். அந்த நாலு அங்குலம் இன்றைக்கும் பொனற்றின் நடுவே ஒரு தட்டைப் பட்டையாகத் தெரியும். அதற்கு முன்பே செய்து அடுக்கியிருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி, இடையில் துண்டு வைத்துத்தான் முதல் கார்களுக்குப் பூட்டினார்கள். அழகுக்காகச் செய்த மாற்றம் என்றாலும் சில்லுகளுக்கு இடையேயான தூரம், அச்சு, உடம்பு எல்லாம் சேர்ந்து விரிந்தன. அந்தக் கார் வளைவில் தரையைப் பிடித்துத் திரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம். சில்லையும் அவர் மனம் போனபடி வைக்கவில்லை. முந்தைய மொரிஸ் எய்ற்றின் 17 அங்குலச் சில்லை விட்டு 14 அங்குலத்துக்கு இறங்கினார். பாரம் குறைந்தது, உள்ளே இடம் கிடைத்தது. 

இப்போது நடப்பதைப் பார்ப்போம். 1977இல் பொருளாதாரம் திறந்ததும் ஜப்பான் கார்கள் வந்தன. அவற்றோடு ரேடியல் டயர் வந்தது, பிறகு பழைய அலோய் ரிம்களும் குவிந்தன. சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் கரையோரப் பெருவீதி காபட் வீதியானது. குழியைப் பார்த்துப் பார்த்து ஓடிய வீதியில் இன்று மைனர்கூட அறுபது, எழுபது கிலோமீற்றரில் போகிறது. 2020இல் வாகன இறக்குமதி நின்று 2025 வரை தனியார் கார்கள் வராமல் இருந்த காலத்தில், கொட்டிலில் கிடந்த பழைய கார்களுக்கு மவுசு கூடியது. கையில் தொலைபேசி இருக்கிறது. அமெரிக்காவில் மஸ்டாங்குக்கும் ஜிடிஓவுக்கும் அகலச் சில்லு போடும் படங்கள் ஒவ்வொரு நாளும் வருகின்றன. அதைப் பார்த்து ஆசைப்படுவது இயல்பு.

அந்த ஆசைக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 1964இல் வந்த பொன்ரியாக் ஜிடிஓவின் எஞ்சின் 6.4 லீற்றர், 325 குதிரைவலு. அமெரிக்க மசில் கார்களுக்கு வழி திறந்தது அதுதான் என்பார்கள். தொழிற்சாலை அதற்குப் போட்ட டயர் 7.50–14. ஏழரை அங்குலம் என்றால் 190 மில்லிமீற்றர். எங்கள் மைனரின் கடைசி 1,098 சிசி எஞ்சின் 48 குதிரைவலு. காரின் எடை ஏறக்குறைய 750 கிலோ. அதற்கு 195 போடுகிறோம். ஜிடிஓக்காரர்கள் அகலம் தேடியதற்குக் காரணம் இருந்தது: அத்தனை வலுவையும் அந்த டயரால் தரைக்குக் கொடுக்க முடியவில்லை, பின்சில்லு நின்ற இடத்தில் சுழன்றது. மைனரின் பின்சில்லு ஈர மண்ணில் தவிர வேறெங்கும் அப்படிச் சுழல்வதில்லை.

கல்முனைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் இப்படி ஒரு மாற்றத்தைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஜப்பான் கார் ஒன்றின் அலோய் ரிம். நாலு துளை. மைனருக்கும் நாலு போல்ட். தூக்கி வைத்தார்கள், ஏறிக்கொண்டது. நட்டைக் கையால் சுற்றினார்கள், சுற்றியது.

“என்ன காக்கா, பொருந்திற்றா?”

“பொருந்திற்றுத் தம்பி. ஓடவும் ஓடும். எத்தின நாளைக்கெண்டுதான் சொல்லேலா.”

அவர் சொன்னதன் பொருள் நட்டின் அடியில் இருந்தது. மைனரின் நாலு போல்ட்டும் நிற்கும் வட்டத்தின் விட்டம் நாலு அங்குலம், அதாவது 101.6 மில்லிமீற்றர். பெரும்பாலான சிறிய ஜப்பான் கார்களுக்கு அது 100. ஒன்றரை மில்லிமீற்றர் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. மைனரின் போல்ட் ஒன்பதரை மில்லிமீற்றர் மொத்தம். ஜப்பான் ரிம்மின் துளை 12 மில்லிமீற்றர் போல்ட்டுக்குக் குடைந்தது. துளை பெரிது என்பதால் ரிம் ஏறிக்கொள்கிறது. ஆனால் நட்டின் சரிவு துளையின் ஒரு பக்கத்தில் மட்டும் தொடுகிறது, மறுபக்கம் வெறும் காற்று. அவர் ரோச் அடித்துக் காட்டியபோது அந்த இடைவெளி மயிரளவு வெளிச்சமாகத் தெரிந்தது. இறுக்க இறுக்க போல்ட் வளையும். ஓட ஓட நட்டு இளகும். ஸ்ரேரிங் அதிர்கிறது என்று பலன்ஸ் பார்க்கப் போகிறோம். பிழை அங்கே இல்லை.

அடுத்து முன்சில்லின் கீழ் மூட்டு. மைனரில் அது மரை போட்ட ட்ரனியன். திரும்பும் ஒவ்வொரு தடவையும் அந்த மரை சுழல்கிறது. கிறீஸ் ஒழுங்காக அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒரு நாள் கழன்று, சில்லு மட்காட்டின் கீழே மடிந்து விழும். மைனர் வைத்திருக்கும் உலகத்தார் எல்லாருக்கும் தெரிந்த பலவீனம் இது. ஸ்பேசர் வைத்துச் சில்லை வெளியே தள்ளினால் அந்த மூட்டிலும் பெயாரிங்கிலும் விழும் நெம்பு கூடுகிறது. ஸ்ரேரிங் கனக்கிறது. நின்ற இடத்தில் திருப்ப இரண்டு கையும் வேண்டும். பழைய ஹயர் சாரதி ஒற்றைக் கையால் திருப்பிய கார் அது.

மட்காட்டையும் சொல்ல வேண்டும். டயர் உரசுகிறது என்று அதன் உள்மடிப்பை வெட்டுகிறார்கள், அல்லது சுத்தியலால் அடித்து மடக்குகிறார்கள். காரைதீவில் கடற்காற்று வீட்டுச் சன்னல் கம்பியையே தின்றுவிடும். வெட்டிய தகட்டு விளிம்பு வெறும் இரும்பாக நின்றால் இரண்டு மாரிக்குள் பொரிந்து உதிரும். 2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்துபோன பிறகு, உப்புத் தண்ணீர் வாகனத்தை என்ன செய்யும் என்று இந்தக் கரையில் யாருக்கும் படிப்பிக்கத் தேவையில்லை. மட்காட்டை வெட்டாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்கிறேன். ரிம்மைக் கழற்றலாம், டயரை மாற்றலாம், வெட்டிய தகட்டைப் பழையபடி ஆக்க முடியாது.

மழையில் அகல டயர் நல்லது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. டயர் நிலத்தைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் எடையும் காற்றழுத்தமும்தான் தீர்மானிக்கின்றன. 750 கிலோக் காரில் ஒரு சில்லுக்கு 190 கிலோ அளவு வரும். 22 இறாத்தல் காற்றில் அது ஏறக்குறைய 120 சதுர சென்ரிமீற்றர், ஒரு உள்ளங்கை அளவு. அகல டயர் போட்டால் அந்த உள்ளங்கை பக்கவாட்டில் நீண்டு, முன்பின்னாகக் குறுகுகிறது. காய்ந்த வீதியின் வளைவில் அது பிடிக்கும், மெய்தான். தேங்கிய தண்ணீரில் ஒடுங்கிய டயர் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும். அகல டயர், அதுவும் பாரமில்லாத காரில், சீக்கிரமே மேலே மிதக்கத் தொடங்கும். பிரேக்கும் ஸ்ரேரிங்கும் இருந்தும் இல்லாத நிலை அது. மார்கழி மழையில் இங்கே எந்த வீதியில்தான் தண்ணீர் நிற்கவில்லை? பாயும் வெள்ளம் இன்னும் பெரிய விஷயம். அதற்கு எந்தச் சில்லும் ஈடில்லை. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளி வீதியில் மத்ரசாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் கவிழ்த்தது. பிள்ளைகளை இழந்தோம். அந்த வீதியின் தண்ணீரை இலேசாக எடுக்க எங்களால் இனி ஏலாது.

அப்படியானால் மூன்றரை அங்குலத்திலேயே நிற்க வேண்டுமா? தேவையில்லை. பழைய நைலோன் டயரைவிட ரேடியல் எவ்வளவோ மேல், அதை மறுக்க முடியாது. 145/80 ஆர்14 டயரின் முழு விட்டம் 588 மில்லிமீற்றர். 165/70 ஆர்14இன் விட்டம் 587. ஒரே உயரம். வேகமானி பொய் சொல்லாது, கியர் கணக்கு மாறாது, மட்காட்டிலும் முட்டாது. அதற்கு நாலரை அங்குல ரிம்மாவது வேண்டும். நாலு அங்குல வட்டத்துக்கே துளையிட்ட, மைனரின் பழைய ஓஃப்செட்டை ஒட்டிய இரும்பு ரிம்மாகத் தேடிப் பிடித்தால், பார்வைக்கும் அன்றைய கார் போலவே நிற்கும். என் கண்ணுக்கு இதைவிட அழகான மைனர் இல்லை. 195/50 ஆர்15 போட்டால் டயரின் பக்கச் சுவர் 116இலிருந்து 97 மில்லிமீற்றராகக் குறையும். உள்ளூர் ஒழுங்கைக் குழியில் விழும் அடி நேரே ரிம்முக்கும், அதிலிருந்து அந்த ட்ரனியனுக்கும் போகும்.

பூட்டிப் பார்ப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. பின் ஆசனத்தில் இரண்டு நெல் மூடையை ஏற்றுங்கள். ஸ்ரேரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்புங்கள். ஒவ்வொரு சில்லையும் சுற்றி, டயருக்கும் மட்காட்டுக்கும் இடையில் ஒரு விரல் தடையில்லாமல் போய் வருகிறதா என்று தடவிப் பாருங்கள். வெறுங்காரில் போய், ஆள் ஏறினால் உரசும் சில்லு எத்தனையோ உண்டு. பின்சில்லை ஒரு தடவை கழற்றியும் பாருங்கள். மைனரின் பின் மட்காட் சில்லின் மேற்பாதியை மூடி இறங்குவதால், அகல டயர் காற்றோடு வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். பஞ்சர் ஆனால் நடுவீதியில் நிற்க வேண்டியதுதான். ஐம்பது கிலோமீற்றர் ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்குங்கள். ட்ரனியனுக்கு மாதம் ஒரு தடவை கிறீஸ்.

இவ்வளவும் சரியாக வந்த பிறகு, கையில் மிஞ்சும் காசை பிரேக்கில் போடுங்கள். 1962க்கு முந்திய மைனர்களின் முன் ட்ரம் ஏழு அங்குலம். 1,098 சிசி வந்தபோது எட்டு அங்குலமாக்கினார்கள். காபட் வீதியில் எழுபதில் போகிற பழைய ஏழு அங்குலக் காருக்கு அந்த எட்டு அங்குல ட்ரம்மை மாற்றுவது, எந்த அகல டயரையும்விட முந்திச் செய்ய வேண்டிய வேலை.