குட்டி டீசல் எஞ்சின்கள் மீது ஏன் இத்தனை பற்று?

இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு பிரிட்டனில் உள்ளங்கையில் அடங்கிவிடும் டீசல் எஞ்சின்கள் விற்பனைக்கு வந்தன. பால்சா மரத்தில் செய்த மாதிரி விமானத்தின் மூக்கில் எஞ்சினைப் பொருத்தி, காற்றாடியை விரலால் சுண்டினால் போதும். ஸ்பார்க் பிளக்கும் பேட்டரியும் இல்லாமல் தானே பற்றிக்கொண்டு ஓடும். மில்ஸ், இ.டி., எல்ஃபின், ஃப்ராக், ஆலிவர் டைகர் என்று பல பெயர்களில் வந்த இவை ஒரு தலைமுறையின் பொழுதுபோக்கையே ஆண்டன. பிறகு கடைகளிலிருந்து மெல்ல மறைந்தன. ஆனால் அவற்றின் மீதான பற்று மறையவில்லை. எழுபது ஆண்டுப் பழைய எஞ்சின்களை இன்றும் தேடி வாங்குகிறார்கள், இறுகிப்போன விளக்கெண்ணெய்ப் பிசினைச் சுரண்டியெடுத்து மறுபடி ஓட்டுகிறார்கள். வயதானவர்களின் இளமை நினைவு என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். அதில் பாதி உண்மையும் இருக்கிறது. மீதிப் பாதி கவனத்துக்கு உரியது. அந்த எஞ்சின் தன்னை இயக்குபவரிடம் எதையும் மறைக்கவில்லை. என்ன கோளாறு என்று தானே சொன்னது, சரிசெய்யும் வழியையும் அவர் கையிலேயே கொடுத்தது. ஒரு கருவி மனிதரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதைப் பற்றிய நியாயமான தீர்ப்பு அந்த ஏக்கத்துக்குள் இருக்கிறது.

எஞ்சின் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் இது விளங்கும். லாரியின் டீசல் எஞ்சினில் முதலில் காற்று மட்டும் அழுத்தப்படுகிறது. அழுத்தத்தால் காற்று நன்றாகச் சூடேறிய கணத்தில் இன்ஜெக்டர் டீசலைப் பீய்ச்சுகிறது. எப்போது பீய்ச்சுகிறதோ அப்போது தீப்பற்றும். ஒரு சி.சி. கொள்ளளவுள்ள சிலிண்டருக்கு அப்படியொரு பம்பும் இன்ஜெக்டரும் செய்வது நடைமுறையில் ஆகாத காரியம். எனவே குட்டி எஞ்சினில் எரிபொருளும் காற்றும் முன்பே கலந்து உள்ளே போகின்றன. எரிபொருள் என்பது ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சம பங்கில் சேர்ந்த கலவை. குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்வது ஈதர். பெரும்பாலான சக்தியைத் தருவது மண்ணெண்ணெய். தேய்மானத்தைத் தடுப்பது விளக்கெண்ணெய். இன்ஜெக்டர் இல்லாததால், எந்தக் கணத்தில் தீப்பற்ற வேண்டும் என்பதை அழுத்தம்தான் முடிவு செய்கிறது. அழுத்தம் கூடினால் முந்திப் பற்றும், குறைந்தால் பிந்திப் பற்றும். அதனால் சிலிண்டரின் உச்சியில் தலைகீழாக இன்னொரு சிறு பிஸ்டன் வைத்து, மேலிருந்து ஒரு திருகால் அதை நகர்த்தும்படி செய்தார்கள். திருகை இறுக்கினால் எரியும் இடம் சுருங்கி அழுத்தம் கூடும். தளர்த்தினால், சிலிண்டருக்குள் எழும் அழுத்தமே அந்தப் பிஸ்டனை மேலே தள்ளிவிடும். இந்தத் திருகு ஒன்று, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் ஊசி வால்வு இன்னொன்று. ஆள் தொட வேண்டியவை இவை இரண்டுதான்.

இரண்டே திருகுகள் என்பதால் வேலை எளிது என்று நினைக்க வேண்டாம். காற்று நுழையும் குழாயை விரலால் அடைத்து, காற்றாடியை இரண்டு சுற்று சுற்றினால் எரிபொருள் உள்ளே இழுபடும். பிறகு விரலை எடுத்துவிட்டுச் சுண்ட வேண்டும். காற்றாடி நகராமல் முரண்டு பிடித்தால் உள்ளே எரிபொருள் தேங்கிவிட்டது. திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, வலிந்து சுற்றினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். திருகைத் தளர்த்திவிட்டு, தேங்கியது வெளியேறும்வரை பொறுமையாகச் சுண்ட வேண்டும். பற்றிக்கொண்ட எஞ்சின் விட்டுவிட்டு வெடித்தால் அழுத்தம் போதவில்லை. முக்கி முனகி வேகம் குறைந்தால் அழுத்தம் மிஞ்சிவிட்டது. வேகமெடுத்துச் சட்டென்று நின்றால் எரிபொருள் போதவில்லை. வெளியே தெறிக்கும் எண்ணெய் கறுத்திருந்தால் அதற்கும் ஒரு பொருள் உண்டு: பெரும்பாலும் அழுத்தம் அதிகமாக இருக்கும், இல்லாவிட்டால் உள்ளே ஏதோ தேய்கிறது. எஞ்சின் சூடேறியதும் தீ முந்திப் பற்றத் தொடங்கும். அப்போது திருகைச் சற்றே தளர்த்த வேண்டும். ஒன்றைத் திருப்பினால் மற்றதையும் திருப்ப வேண்டியிருக்கும். மீட்டர் இல்லை, விளக்கு இல்லை, எச்சரிக்கை ஒலி இல்லை. காது, விரல், கண் மூன்றும்தான் கருவிகள். ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒன்றிரண்டு காரணங்களே உண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து அந்த இரண்டு திருகுகளில் ஒன்றில் இருந்தது. தவறாகத் திருப்பினால் எஞ்சின் நிற்கும், திரும்பச் சுண்டலாம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை காரண காரிய உறவை இவ்வளவு நேரடியாகக் கற்றுக்கொள்ளக் கிடைத்த கருவிகள் மிகக் குறைவு.

இந்த எஞ்சின் பிரிட்டனில் வேரூன்றியதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. கருத்து சுவிட்சர்லாந்தில் பிறந்தது. ஈதரைக் கொண்டு இப்படி எரியவைக்கும் வழியை 1920-களின் இறுதியில் காட்டியவராக எர்ன்ஸ்ட் தால்ஹைமைச் சொல்வார்கள். போர்க்காலத்திலேயே டைனோ என்ற 2 சி.சி. எஞ்சின் அங்கே வந்துவிட்டது. அமெரிக்கா வேறு வழியில் போனது. அங்கே ஸ்பார்க் பிளக் எஞ்சின்கள் ஏற்கெனவே பரவியிருந்தன. 1947-இல் ரே ஆர்டன் கொண்டுவந்த குளோ பிளக், காயிலையும் கண்டென்சரையும் தூக்கியெறிய உதவியது. ஆனாலும் எஞ்சினைக் கிளப்ப பேட்டரி வேண்டும், மெத்தனால் எரிபொருள் வேண்டும். போருக்குப் பின் பிரிட்டனில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ரேஷன் அட்டை பல ஆண்டுகள் நீடித்தது. ஆனால் போர்த் தளவாடங்களுக்காக நுணுக்கமான உதிரிபாகங்கள் செய்து பழகிய கைகளும் லேத்துகளும் ஏராளமாக இருந்தன. டீசல் எஞ்சின் கேட்டது அதைத்தான். அதற்குப் பொருள் கொஞ்சம் போதும், நுணுக்கம்தான் அதிகம் வேண்டும். வளையம் இல்லாத வார்ப்பிரும்புப் பிஸ்டனை எஃகு சிலிண்டருக்குள் சில மைக்ரான் இடைவெளியில் தேய்த்து இழைத்துப் பொருத்த வேண்டும். அந்தப் பொருத்தம் சரியாக இருந்தால் அழுத்தம் நிற்கும். இல்லையென்றால் எத்தனை முறை சுண்டினாலும் பயனில்லை.

எனவே சின்னச் சின்ன ஊர்களிலிருந்தெல்லாம் எஞ்சின்கள் வந்தன. வோக்கிங்கிலிருந்து மில்ஸ் சகோதரர்கள் 1946-இல் 1.3 சி.சி. எஞ்சினையும் 1948-இல் 0.75 சி.சி. எஞ்சினையும் தந்தார்கள்; சுண்டியதும் கிளம்பும் என்று பேரெடுத்தது பின்னது. எலெக்ட்ரானிக் டெவலப்மென்ட்ஸ் என்ற இ.டி. நிறுவனம் 1948-இல் கொண்டுவந்த 1 சி.சி. 'பீ' பலருக்கு முதல் எஞ்சின். லிவர்பூலில் எல்ஃபின், லண்டனின் மெர்ட்டனில் ஃப்ராக். ஆலன் ஆல்பன் வடிவமைத்த 'டார்ட்' வெறும் அரை சி.சி.; பிறகு ஐல் ஆஃப் மேன் தீவிலிருந்த டேவிஸ்-சார்ல்டன் அதைச் செய்தது. நாட்டிங்ஹாமில் ஜே.ஏ. ஆலிவரின் சிறு பட்டறையிலிருந்து வந்த 2.5 சி.சி. ஆலிவர் டைகர், கம்பி பிடித்துப் பறக்கவிடும் பந்தயங்களில் எல்லோரும் அஞ்சிய எஞ்சின். ஆர்டர் கொடுத்துவிட்டுக் காத்திருந்து வாங்கினார்கள். 1954-இல் ரேடியோவால் இயக்கப்பட்ட 'ரேடியோ குவீன்' மாதிரி விமானம் இ.டி. எஞ்சினோடு ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது. 'ஏரோமாடலர்' இதழ் ஒவ்வொரு எஞ்சினையும் கழற்றி அளந்து, சக்தியை வரைபடமாக்கி வெளியிட்டது. லேத் பட்டறைக் கலையைப் பற்றிப் புத்தகம் எழுதிய லாரன்ஸ் ஸ்பேரி, வீட்டு லேத்திலேயே செய்துகொள்ளும்படி ஒரு 5 சி.சி. டீசல் எஞ்சினை வடிவமைத்தார். வாங்குபவரிடம் எதையும் ஒளிக்காத தொழிலாக அது இருந்தது.

இப்போது முதல் மறுப்புக்கு வருவோம். இதெல்லாம் சரி, ஆனால் இவர்கள் ஏங்குவது எஞ்சினுக்கா, தங்கள் பதினைந்து வயதுக்கா? ஈதர் வாசனை மூக்கில் ஏறியதும் பழைய புல்வெளியும் நண்பர்களும் மனதுக்கு வருவது இயல்பு; அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வெறும் நினைவுக்காக மட்டும் என்றால் அலமாரியில் ஒரு எஞ்சினை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும். அப்படிச் சேகரிப்பவர்களும் இருக்கிறார்கள். பெட்டி பிரிக்காத எஞ்சினுக்குக் கூடுதல் விலையும் உண்டு. ஆனால் பெருங்கூட்டம் ஓட்டுகிறது. பழைய வரைபடங்களின்படி விமானங்களைப் புதிதாகச் செய்கிறார்கள். பிரிட்டனில் எஸ்.ஏ.எம். 35 என்ற அமைப்பு இதற்காகவே இயங்கிவருகிறது. பெட்ஃபோர்ட்ஷையரின் ஓல்ட் வார்டனில் பழைய மாதிரி விமானங்களுக்கென்றே கூட்டங்கள் நடக்கின்றன. மேக்கிள்ஸ்ஃபீல்டில் ஐஃப்லேண்டர் குடும்பத்தின் பி.ஏ.டபிள்யூ. 1950-களில் தொடங்கி இந்த நூற்றாண்டிலும் புதிய டீசல் எஞ்சின்களைச் செய்தது. மில்ஸ் 0.75-ஐ ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும்கூட நகலெடுத்துச் செய்தார்கள். நகல் எஞ்சினில் யாருடைய இளமையும் ஒட்டியிருக்காது. அதை வாங்குகிறவர் வாங்குவது அந்த இயக்கத்தை, அந்தத் திருகுகள் கேட்கும் வேலையை.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. அன்று சந்தைக்கு வந்த எல்லா எஞ்சின்களும் மில்ஸாகவோ ஆலிவராகவோ இருக்கவில்லை. எவ்வளவு சுண்டியும் கிளம்பாதவை, சில மாதங்களில் தேய்ந்துபோனவை, அழுத்தத் திருகு இறுகிக்கொண்டவை எல்லாம் இருந்தன. நொந்துபோய்ப் பொழுதுபோக்கையே கைவிட்ட பிள்ளைகள் இன்று ஏக்கத்தோடு பேச வரவில்லை. கேட்பது வென்றவர்களின் குரல் மட்டுமே. அந்த விளம்பரங்களும் இதழ்களும் பையன்களை நோக்கியே பேசின. பெண்பிள்ளைகளுக்கு அந்தக் கதவு பெரும்பாலும் திறக்கவே இல்லை. இவை உண்மை. இவற்றை ஒப்புக்கொள்ளும்போது வாதம் குறுகுகிறது, ஆனால் கூர்மையும் அடைகிறது. பழையதெல்லாம் நல்லது என்று சொல்ல இடமில்லை. எந்தப் பழையது இன்றும் விரும்பப்படுகிறது என்று பார்க்க வேண்டும். விரும்பப்படுபவை பிஸ்டன் பொருத்தம் துல்லியமாக இருந்தவை, திருகுக்கு ஒழுங்காகப் பதில் சொன்னவை. மோசமான எஞ்சினில் அறிகுறிக்கும் காரணத்துக்கும் தொடர்பு அறுந்துபோகிறது. அது எதையும் கற்றுத் தராது. தேர்ந்தெடுத்து நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றால், சரியானதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

மூன்றாவது மறுப்பு நிகழ்காலத்திலிருந்து வருகிறது. ஈதர் 35 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதிப்பது, நம் ஊர்க் கோடையில் திறந்து வைத்தால் நிற்காது. ஆவி எளிதில் தீப்பற்றும், பழசானால் வெடிக்கக்கூடிய பெராக்சைடுகளும் உருவாகும். காற்றாடி விரலை வெட்டும். எண்ணெய் சட்டையெல்லாம் படியும். இரைச்சலோ ஊரையே எழுப்பும். மாதிரி விமானத்துக்கு 7 மீட்டர் தூரத்தில் 82 டெசிபெல் என்று பிரிட்டனில் வரம்பு வகுக்க நேர்ந்தது சும்மா இல்லை. இதற்கு எதிரே லித்தியம் பேட்டரியும் பிரஷ்லெஸ் மோட்டாரும் சத்தமின்றி, அழுக்கின்றி, பொத்தானை அழுத்தியதும் பறக்கின்றன. பறப்பது ஒன்றே நோக்கம் என்றால் மின்சாரம்தான் சிறந்தது, இதில் விவாதமே வேண்டாம். ஆனால் மின்மோட்டார் நின்றுபோனால் என்ன நடக்கிறது? ஸ்பீடு கன்ட்ரோலர் கெட்டிருக்கும், கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்க வேண்டும். அதன் நிரலைத் திறந்து பார்க்கும் ஆர்வலர்கள் உண்டு, அவர்கள் கற்பது பெரிய கல்வி. ஆனால் அதற்குக் கணினியும் முன்னறிவும் வேண்டும், அறிகுறி ஒன்றும் காரணம் வேறெங்கோ ஒளிந்தும் இருக்கும். டீசல் எஞ்சினில் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு விரல் அகலம்தான்.

எனவே ஈதரையும் இரைச்சலையும் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. கேட்க வேண்டியது வேறு. பிள்ளைகளுக்குக் கற்றுத் தரவென்று செய்யப்படும் எந்தக் கருவிக்கும் இந்தக் குட்டி எஞ்சின்கள் மூன்று சோதனைகளை விட்டுச்சென்றிருக்கின்றன. கோளாறு வந்தால் அறிகுறியைப் பார்த்தே காரணத்தை ஊகிக்க முடிகிறதா? காரணம் தெரிந்தால் அதை மாற்றும் வழி பயன்படுத்துபவர் கையில் இருக்கிறதா? தவறாக மாற்றினால் கருவி கெட்டுப்போகாமல் இன்னொரு வாய்ப்புத் தருகிறதா? பள்ளி அறிவியல் கூடத்துக்கு வாங்கும் ரோபோ பெட்டியையும் ஐ.டி.ஐ. மாணவரின் முன் வைக்கும் மோட்டாரையும் இந்த மூன்றையும் வைத்துச் சோதிக்கலாம். நல்ல குட்டி டீசல் எஞ்சின் மூன்றிலும் தேறியது, அதுவும் பற்றாக்குறைக் காலத்தில், சாதாரணப் பட்டறைகளில், பையனின் சேமிப்புக்கு எட்டும் விலையில். அப்படியொன்று ஒருமுறை சாத்தியமாக இருந்தது என்பதற்கு அந்த எஞ்சின்களே சாட்சி. அவற்றைப் போற்றி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் அந்தச் சாட்சியத்தை அழியாமல் காக்கிறார்கள். அவர்களைப் பழமை விரும்பிகள் என்று தள்ளிவிட்டால், நாளைய கருவிகளை உரசிப் பார்க்க நம்மிடம் இருக்கும் ஒரு நல்ல உரைகல்லையும் இழந்துவிடுவோம்.